வரப்பு ஒன்று, வழக்கு இரண்டு

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பங்காளி வரப்பை ஒரு முழம் வெட்டித் தள்ளிவிட்டார். கேட்கப் போனவருக்கு மண்வெட்டிக் காம்பால் அடி, கை முறிந்தது. சண்டை ஒன்றுதான், ஆனால் வழக்கு இரண்டு. நிலம் யாருக்கு என்பது முன்சீப் கோர்ட்டில் ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பர் வாங்கும். அங்கே நீங்கள் வாதி. அடித்த வழக்கு நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) மன்றத்துக்குப் போகும். அதை நடத்துவது அரசு, அடிபட்டவர் சாட்சி. "அடி வாங்கினது நான், என்னை எதுக்குய்யா கூண்டில ஏத்துற?" என்று ஒரு பெரியவர் வக்கீலான என்னிடமே சண்டைக்கு வந்தார்.

இனி அப்பீல், அதாவது மேல்முறையீடு. முன்சீப் தீர்ப்பு பாதகமா, சார்பு நீதிமன்றம். நடுவர் தண்டித்தாரா, அமர்வு நீதிமன்றம். இரண்டுக்கும் கெடு 30 நாள். அங்கே சாட்சியத்தை முழுக்கத் திரும்பப் படிப்பார்கள். புதுச் சாட்சியை ஏற்றுவது அபூர்வம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம், தென்மாவட்டத்துக்காரர்களுக்கு 2004இல் திறந்த மதுரைக் கிளை. இரண்டாம் மேல்முறையீட்டில் வரப்பு எங்கே கிடந்தது என்று ஆராய மாட்டார்கள். முக்கியமான சட்டப் பிரச்சினை உண்டா என்றுதான் பார்ப்பார்கள். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படி. அடிதடி வழக்கிலோ அந்தக் கட்டத்தில் அப்பீலே இல்லை, சீராய்வு (ரிவிஷன்) மனுதான். டீக்கடையில் "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் பார்த்துடுறேன்" என்பவர்கள் கவனிக்க!

இன்னொன்று. அப்பீல் போட்டாலே கீழ்க்கோர்ட் தீர்ப்புக்குத் தடை வந்துவிடாது. தடை மனு தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்ற அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், வாசலில் நிற்பார்.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகக் கிடைக்கும். உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளரிடமே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம். வக்கீலை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வைத்துத் தரும்.

சிவிலில்தான் கெடுவைக் கோட்டை விடுகிறோம். இதோ ஒரு தீர்ப்பின் சான்றிட்ட நகல். பின்பக்கம் திருப்புங்கள், ரப்பர் ஸ்டாம்பில் ஐந்து தேதி: நகல் மனு போட்டது, கட்டணம் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது, கொடுத்தது. நகல் எடுக்கக் கோர்ட்டுக்கு ஆன நாட்கள் உங்கள் 30இல் சேராது. கட்டணம் கட்டாமல் நீங்கள் கடத்திய நாட்கள் சேரும். தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் சேரும்.

என் கட்சிக்காரர் ஒருவர் தீர்ப்பு வந்ததும் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போனார். பிறகு அறுவடை. நகல் மனுவே போடாமல் 41ஆம் நாள் வந்தார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு, அதற்கு எதிர்த்தரப்பின் கவுன்டர் (பதில் மனு), வாய்தா மேல் வாய்தா. அப்பீல் பதிவாகி நம்பர் ஆகவே எட்டு மாதம். அதற்குள் அந்த ஒரு முழத்தில் பங்காளி தென்னங்கன்று வைத்துவிட்டார்.