பின்பக்கக் கையெழுத்து

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும், பின்வரிசையில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சமூக ஊடகம் நன்மையா தீமையா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஊர் இது. இரண்டு அணியும் என்ன பேசும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நான் பாங்க்கில் 31 வருடம் குப்பை கொட்டியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பில், புரோநோட்டு, உண்டியல். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனார்கள். போனால் மூன்று வருடக் கணக்கு. இங்கே பிள்ளை பிறந்த சேதி ரயிலேறிக் கப்பலேறி ரங்கூன் கடைப் பெட்டியடிக்குப் போய்ச் சேர்வதற்குள், பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருக்கும். இன்று கோலாலம்பூரில் பேத்தி குப்புற விழுவதை இங்கே முகப்பில் உட்கார்ந்து பார்க்கிறோம். இதைத் தீமை என்று எந்த வாயால் சொல்வது? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு நாள் குறித்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்குக் கார்டு போடாமல் விட்டுப்போனதற்காக இரண்டு தலைமுறை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருந்த ஊர் ஐயா இது!

வீட்டில் மணகோலமும் தேன்குழலும் சுட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்பும் பெண்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில், வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த ஒரு தாத்தாவும் பேரன்களும் 2021-இல் யூடியூபில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். தமிழ்ச் சேனல்களில் அதுதான் முதல் தடவை.

சரி, உண்டியலுக்கு வருகிறேன். கோயில் உண்டியல் இல்லை; பணம் மாற்றும் உண்டியல், அதாவது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதிய காகிதம். உங்கள் கைக்கு வந்த உண்டியலை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குப் பணம் வரவில்லையா? எழுதியவரை மட்டுமல்ல, பின்பக்கம் கையெழுத்துப் போட்ட உங்களையும் பிடிக்கலாம். 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் முன்பின் தெரியாதவன் காகிதத்தை யாரும் தொட மாட்டார்கள். காசுக்கும் நேர்மைக்கும் சேர்த்து ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, சும்மாவா?

ஃபார்வர்டும் கைமாறும் காகிதம்தான். ஆனால் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ‘வந்தது, அனுப்பினேன்’ என்பதோடு முடிந்தது.

2018 மே மாதம் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிடப் போனார் 65 வயதுப் பெண்மணி ஒருவர். போளூர் பக்கம் வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் அப்போது வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. நாமும் வருடா வருடம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். வழியில் ஒரு குழந்தையைப் பார்த்தால் பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டுகிறவர்கள்தான். அடித்தவர்கள் மேல் வழக்கு வந்தது. அந்த வதந்தியை ஊர் ஊராகத் தள்ளிவிட்ட ஆயிரம் விரல்களும் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

நாடெங்கும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, அதே வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் என்றது. ஃபார்வர்ட் செய்தவரும் அதற்குப் பொறுப்பு என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்போது எனக்கு அந்தப் பழைய உண்டியல்தான் ஞாபகம் வந்தது.

பிள்ளைகளின் ரீல்ஸ் பற்றி வாயே திறக்கவில்லையே என்று ஆச்சிமார் பார்க்கிறீர்கள். தள்ளத் தள்ள முடிவே வராதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விழத்தான் செய்வார்கள். ஆனால் என் வயதுக்காரர்கள் விடியற்காலை நாலரைக்கு ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புவதை நிறுத்தும்வரை, அவர்களைத் திட்டும் யோக்கியதை எனக்கில்லை.

அந்த யோக்கியதை இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுரையில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன், அவசரமாக ரத்தம் வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. படித்ததும் மனசு கேட்கவில்லை, ஏழு குழுவில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் குழந்தையின் அப்பா. “குழந்தை நல்லாயிருக்கா ஐயா, ரெண்டாங் கிளாஸ் போறா. அது மூணு வருஷத்துக்கு முந்தி” என்றார். ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் போன் வருகிறதாம். யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை, உதவி செய்யத்தானே கூப்பிடுகிறார்கள் என்றார். தேதி போடாத செக்கை 31 வருடம் திருப்பி அனுப்பியவன், தேதியில்லாத காகிதத்தை ஏழு இடத்தில் மாற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் கீழே ‘விசாரித்தேன்’ என்று எழுதி என் பெயரைப் போடுகிறேன். பெயர் போடுவதென்றால் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் பத்தில் ஒன்பது தேறுவதில்லை. போன மாதம் பங்காளிகள் குழுவில் என்னிடமிருந்து ஒன்றுமே போகவில்லை. கோலாலம்பூரிலிருந்து பேரன் கூப்பிட்டான்: “ஐயா, உடம்பு எதுவும் சரியில்லையா?”