ஜப்பானிய மொழியில் ‘செய்துகொண்டிருக்கிறேன்’

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்கியிருப்பவர்கள், நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலை அம்மொழியில் எவ்வாறு சொல்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வினைச்சொல்லைத் ‘தெ’ என முடியும் எச்ச வடிவுக்கு மாற்றி, அதனுடன் ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்க்க வேண்டும் என்றும், பணிவாகப் பேசும்போது அந்த ‘இரு’ என்பது ‘இமாஸ்’ என்றாகும் என்றும் பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. விதி சரியானதுதான். ஆனால் அது பாதி விளக்கமே. மறுபாதியைப் புரிந்துகொள்ளத் தமிழ் அறிந்தவருக்குத் தம் தாய்மொழியே நல்ல துணை.

முதலில் எளிய பகுதியைப் பார்த்துவிடுவோம். ‘யொமு’ என்றால் படித்தல். ‘ஹொன் ஒ யொந்தெ இமாஸ்’ என்றால் ‘புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன்’. ‘தபெரு’ என்றால் உண்ணுதல். ‘தபெதெ இமாஸ்’ என்றால் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’. மழை பெய்துகொண்டிருந்தால் ‘அமெ க ஃபுத்தெ இமாஸ்’ என்பார்கள். ‘தபெதெ’ என்பதில் வரும் ‘தெ’யைத் ‘தெப்பம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தைப் போல வன்மையாகவும், ‘யொந்தெ’ என்பதில் வரும் ‘தெ’யைச் ‘சந்தை’ என்னும் சொல்லில் ஒலிப்பதைப் போல மென்மையாகவும் உச்சரிக்க வேண்டும். மெல்லினத்தை அடுத்து வல்லினம் மென்மையாவது நமக்குப் பழகிய ஒன்றாகையால் இது தமிழருக்குக் கடினமாக இராது.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். ‘ஷினு’ என்றால் இறத்தல். ‘முஷி க ஷிந்தெ இமாஸ்’ என்னும் தொடரை, மேற்சொன்ன விதியை மட்டும் நம்பி, ‘பூச்சி இறந்துகொண்டிருக்கிறது’ என்று பொருள் கொண்டால் அது பிழை. ‘பூச்சி செத்துக் கிடக்கிறது’ என்பதே அதன் பொருள். அதேபோல, ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தந்தையைக் கேட்கும்போது, ‘கைஷா நி இத்தெ இமாஸ்’ என்று பிள்ளை பதில் சொன்னால், அவர் வழியில் போய்க்கொண்டிருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார், இப்போது அங்கே இருக்கிறார் என்றே அதைக் கொள்ள வேண்டும். ‘கெக்கொன் ஷிதெ இமாஸ்’ என்று ஒருவர் சொன்னால் அவர் மணமானவர் என்று பொருளே தவிர, மணமேடையில் அமர்ந்திருக்கிறார் என்று பொருளில்லை.

இந்த வேறுபாட்டை ஒழுங்குபடுத்திக் காட்டியவர் கிண்டாய்ச்சி ஹருஹிக்கோ என்னும் ஜப்பானிய மொழியியலாளர். 1950இல் வெளிவந்த கட்டுரையில், ‘இரு’ என்னும் துணைவினையோடு எப்படிச் சேர்கின்றன என்பதை வைத்தே அவர் ஜப்பானிய வினைகளை நான்காக வகுத்தார். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அவற்றுள் இரண்டு போதும். படித்தல், உண்ணுதல், சிரித்தல் போல நேரம் எடுத்து நடப்பவை ஒரு வகை. அவற்றோடு ‘இரு’ சேர்ந்தால் பெரும்பாலும் செயல் தொடர்கிறது என்று பொருள். இறத்தல், மணமாதல், திறத்தல் போல ஒரு கணத்தில் நிலை மாறிவிடுபவை மற்றொரு வகை. அவற்றோடு சேர்ந்தால், மாற்றம் முடிந்து அதன் விளைவு நிற்கிறது என்று பொருள். ஆகவே புதிய வினைச்சொல் ஒன்றைக் கற்கும்போதே, அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும்.

தமிழில் இவ்விரண்டுக்கும் இரு வடிவங்கள் உள்ளன. ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்பதையும் ‘வந்திருக்கிறார்’ என்பதையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஜப்பானியத் தொடரைக் கேட்டவுடன் இவ்விரண்டில் எது பொருந்தும் என்று தமக்குள் கேட்டுப் பார்ப்பவருக்கு விடை பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். ஜப்பானிய ‘இரு’வின் பழைய வடிவம் ‘விரு’ என்பதாகும்; அதற்கு அமர்தல் என்பதே மூலப்பொருள். நம் ‘இரு’வுக்கும் அமர்தல் என்னும் பொருள் உண்டு என்பதை ‘இருக்கை’ என்னும் சொல் காட்டுகிறது. இதை வைத்து இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கற்பவருக்கு வேண்டியது பயன்பாட்டில் உள்ள ஒற்றுமை மட்டுமே.

ஜப்பானிலேயே இவ்வேறுபாட்டை வடிவத்தில் காக்கும் வட்டார வழக்குகளும் உள்ளன. ஹிரோஷிமா அடங்கிய சூகோக்குப் பகுதியிலும் ஷிகோக்கு, கியூஷூ தீவுகளின் பல இடங்களிலும், பனி பெய்துகொண்டிருந்தால் ‘ஃபுரியொரு’ என்றும், பெய்து தரையில் படிந்திருந்தால் ‘ஃபுத்தொரு’ என்றும் சொல்வார்கள். தோக்கியோ வழக்கை அடியொற்றிய பொதுமொழியில் இரண்டுக்கும் ‘ஃபுத்தெ இரு’ ஒன்றே.

எதிர்மறையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘மதிய உணவு ஆயிற்றா?’ என்று ஒருவர் கேட்க, இனிமேல்தான் சாப்பிடப்போகிறீர்கள் என்றால், ‘மதா தபெதெ இமாசென்’ என்று சொல்ல வேண்டும். ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்பது அதன் பொருள். ‘சாப்பிடவில்லை’ என்னும் தமிழ்ச் சொல்லை அப்படியே இறந்தகாலமாக்கித் ‘தபெமாசென் தெஷித’ என்றால், சாப்பிடாமலே விட்டுவிட்டேன், அந்த வேளை கடந்துவிட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.