சித்தப்பாவின் கறிக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடியில் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவள் நான். போன தை மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்து இலையில் சித்தப்பா, சீரக சம்பாச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கறித்துண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "சோறுதாம்மா கொழுப்பாகும். கறி வெறும் புரோட்டீன்" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி.

கொழுப்பு செல் பிறக்கும்போதே கொழுத்திருப்பதில்லை. ஆய்வகத் தட்டில் எலிக்கருவிலிருந்து வந்த செல்களை வளர்ப்போம். 1970களிலிருந்து உலகமெங்கும் புழங்கும் வகை அது. முதலில் நூல் கதிர் போல ஒல்லியாகக் கிடக்கும். இன்சுலினும் வேறு இரண்டு மருந்துகளும் சேர்த்து ஒரு வாரம் விட்டால் உருண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகள் மின்னும். சிவப்புச் சாயம் ஊற்றினால் தட்டே குங்குமம் கொட்டியது போல ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

இந்த மாற்றத்தின்போது செல்லின் சாப்பாடும் மாறுகிறது. ஒல்லியாக இருந்தவரை குளுக்கோஸும் குளுட்டமின் என்ற அமினோ அமிலமும் போதும். அமினோ அமிலம் என்றால் புரதத்தைக் கோக்கும் மணி. முதிர்ந்ததும் லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் உடைக்கத் தொடங்குகிறது. கறி, பருப்பு, பால் எல்லாவற்றிலும் இவை உண்டு. மற்ற அமினோ அமிலங்களைப் போல இவற்றைக் கல்லீரல் முதலில் மடக்கிவிடுவதில்லை. அதற்கான நொதி, அதாவது உடைக்கும் வேலையைச் செய்யும் என்சைம், அங்கே மிகக் குறைவு. அதனால் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் தாராளமாகப் போய்ச் சேர்கின்றன.

அங்கே உடைந்து வருவது அசிட்டைல் கோஏ. கொழுப்பைக் கட்டும் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் வளர்ந்த செல்களில் இந்தச் செங்கலில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை லூசினும் ஐசோலூசினும் தந்தவை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடைக்கும் நொதியைக் குறைத்தால் செல் முதிர்வதே தடுமாறியது.

அப்புறம் ஒரு முரண். உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் இதே மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பது 1969லேயே தெரிந்த சேதி. பருமனிலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையிலும் கொழுப்புத் திசு இவற்றை உடைப்பது குறைந்துவிடுகிறது. இரத்தத்தில் அவை தேங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். புரதத்தைப் பழிக்க இது போதாது. ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் அதே அளவில் நடக்கும் என்று சொல்லவும் முடியாது.

இத்தனையும் சொன்னேன். சித்தப்பா கடைசித் துண்டை எடுத்துக்கொண்டே கேட்டார்: "முப்பது போனா மீதி எழுபது லாபம்தானேம்மா?"