நிறுத்தத் தெரிந்த மருந்து

எல்லாருக்கும் வணக்கம். நோன்புப் பெருநாளோ பிறந்தநாளோ, சிங்கப்பூர் வீடுகளில் அகர்-அகர் இல்லாமல் இருக்காது. தொட்டால் கெட்டியாக இருக்கும்; ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். நீளமான மூலக்கூறுகள் வலை பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரோஜெல் என்பது இதுதான். மென்மையான காண்டாக்ட் லென்ஸும் இதே இனம். செக் நாட்டு வேதியியலாளர்கள் விக்டர்லேவும் லிம்மும் 1960இல் அதற்கான பொருளை அறிவித்தார்கள்.

என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஓர் இரவு ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நள்ளிரவில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, என் பெயர்கூட அவருக்கு வரவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். உள்ளே போன மருந்துக்கு, அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ளும் ஜெல்லைத்தான் பல ஆய்வுக்கூடங்களில் உருவாக்கி வருகிறார்கள். வலையில் பினைல்போரானிக் அமிலத்தைக் கோத்துவிடுகிறார்கள். சர்க்கரை ஏறும்போது குளுக்கோஸ் வந்து அதில் ஒட்டும். வலையில் மின்னேற்றம் கூடும், இழைகள் ஒன்றையொன்று தள்ளும், ஜெல் உப்பும். உள்ளே அடைத்த இன்சுலின் வெளியே கசியும். சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ் கழன்றுவிடும், ஜெல் சுருங்கும், கசிவு குறையும். அம்மாவை அந்த நிலையில் பார்த்த எனக்கு, திறப்பதைவிட இந்த மூடுவதுதான் பெரிதாகப் படுகிறது.

சிக்கலும் அங்கேதான். இந்த அமிலம் இயல்பாக நன்றாக வேலை செய்வது ரத்தத்தைவிடக் காரத்தன்மை கூடிய சூழலில். ரத்தத்தின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, 7.4, அதற்கேற்ப மூலக்கூறை மாற்றியமைக்க வேண்டும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் குளுக்கோஸைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஜெல் தடிமனாக இருந்தால் நீர் புகுந்து வெளியேற நேரமாகும். அதற்குள் சர்க்கரை எங்கேயோ போயிருக்கும்.

ஆறாத புண்ணுக்கு வேறு வழி. அங்கே திசுவை அரிக்கும் நொதிகள் மிகுந்திருக்கும். அந்த நொதி வெட்டக்கூடிய இழைகளால் ஜெல்லைக் கட்டினால், புண் மோசமாக இருக்கும் இடத்தில்தான் மருந்து அதிகம் இறங்கும்.

அப்புறம், நம் ஊர் வேலை ஒன்று. சிங்கப்பூர் அரசின் ஆய்வு அமைப்பான ஏஸ்டாரின் ஆய்வாளர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து, ஊசியில் திரவமாகப் போய் உடற்சூட்டில் ஜெல்லாகும் பொருளை விலங்குகளின் கண்ணில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். விழித்திரை அறுவைக்குப் பின் வாயுக்குமிழி வைத்து நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்கிறார்களே, அந்தக் குமிழிக்கு மாற்றாக.

இன்சுலின் ஜெல் இன்னும் பலதுறை மருந்தகத்துக்கு வரவில்லை. வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், இன்றிரவே கட்டிலோரம் ஓர் இனிப்புப் பானம் வைத்துவிடுங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.