பொதுக் கணக்கில் ஓடும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாளியும் குவளையுமாகச் சிக்கனம் பழகினோம். பிறகு மழை பெய்தது, கிணறு ஊறியது, பழகியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்போது நான் குடியிருப்போர் சங்கப் பொருளாளர். லாரித் தண்ணீர்ச் செலவை 24 வீடுகளுக்கும் சமமாகப் பிரித்துப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துவிடுவோம். மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அதே தொகை. தினமும் குழாயைப் பிடித்துக் கார் கழுவுபவருக்கும் அதே தொகை. இந்த லட்சணத்தில் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று லிஃப்ட் பக்கத்தில் நான் ஒட்டிய காகிதத்தை யார் படிப்பார்கள்?

மீட்டர் வைக்கலாம் என்றேன். சொல்வது சுலபம். மின்சாரம் வீட்டுக்குள் ஒரே வழியாக வருகிறது. தண்ணீரோ மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று எனத் தனித்தனிக் குழாய்களில் இறங்குகிறது. வீட்டுக்கு மூன்று மீட்டர் தேவைப்பட்டது. அதற்காக நடந்த கூட்டங்களில் பேசப்பட்டவற்றை வானொலியில் சொல்வதற்கில்லை.

ஒருவழியாக மீட்டர் வந்தது. முதல் மாதக் கணக்கில் அதிகத் தண்ணீர் செலவழித்து முதலிடம் பிடித்தது, இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீடு. "ஒரு வாளியில் குளித்து முடிப்பவள் நான். உங்கள் மீட்டரைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள்" என்றார். பிளம்பர் ஒன்றும் பேசவில்லை. ஆசிரியை வீட்டுக் காபி டிகாக்‌ஷனிலேயே கொஞ்சம் வாங்கி ஃப்ளஷ் தொட்டியில் ஊற்றினார். பத்து நிமிடத்தில், யாரும் பொத்தானைத் தொடாமலேயே, வெள்ளைக் கோப்பையின் சரிவில் பழுப்பு நிறத்தில் நூல்போல ஒரு கோடு இறங்கியது. அடியிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. ஓசையில்லாத கசிவு; எத்தனை மாதமாகவோ! அதற்கு நாங்கள் 24 பேரும் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. நால்வருக்கு 540. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒருமுறைக்குப் பத்து லிட்டர் கொட்டும். ஆளுக்கு ஐந்து முறை என்றால் 200 லிட்டர் அங்கேயே போயிற்று. புதிய தொட்டி வாங்க முடியாதவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, உள்ளே நிறுத்துங்கள்; நாளுக்கு 20 லிட்டர் மிச்சம்.

கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் குழாயில்தான் அழுத்தம் அதிகம்; கை கழுவுவதற்குள் அரைக் குடம் போய்விடும். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் வால்வைப் பாதி மூடினாலே போதும், செலவில்லை. குழாய் முனையில் மாட்டும், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஏரேட்டர் கொஞ்சம் செலவு, ஆனால் நல்ல பொருள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் வீடு துடைக்கலாம். இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியை இப்போது கணக்கு ஒட்டியதும் முதல் ஆளாக வந்துவிடுகிறார். பார்ப்பது தம் வீட்டு எண்ணை அல்ல, எதிர்வீட்டு எண்ணை.

நாளைக் காலை காபி கலக்கும்போது இரண்டு கரண்டி டிகாக்‌ஷனை மிச்சம் வையுங்கள். வணக்கம்.