உங்கள் தோளுக்கு எத்தனை மாதம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். கையில் கரண்டி இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். முழங்கைகள் இரண்டையும் மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கைகளை நேராக முன்னால் நீட்டுங்கள். இப்போது முழங்கை விலாவை விட்டு விலகாமல், இரண்டு கைகளையும் இரட்டைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் விரியுங்கள். இரண்டும் ஒரே அளவு விரிந்தால் சரி. ஒரு கை மட்டும் பாதியில் நின்றுவிட்டால், வீட்டில் ஒருவரை அதை மெதுவாக வெளியே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சுவரில் முட்டியதுபோல் நிற்கிறதா? இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

தசைநார் கிழிந்தவருக்குத் தானாகக் கையைத் தூக்க வராது, பிறர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் போகும். தோள் இறுகியவருக்கு யார் தூக்கினாலும் போகாது. தலை வார முடியாது, ரவிக்கை கொக்கி மாட்ட முடியாது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகிற வலி.

இதைத்தான் ஃபுரோசன் ஷோல்டர் என்கிறோம். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் வைத்த பெயர் அது. நம் ஊரில் மூத்த மருத்துவர்கள் பெரி ஆர்த்ரைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள், சித்த மருத்துவர்கள் கும்பவாதம் என்பார்கள். ஜப்பானில் இதற்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ என்றே பெயர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் இந்த நோய், சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. அதனால் தோள் இறுகி வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது என்று கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது? தையல்காரர் ரவிக்கையில் அக்குளுக்குக் கீழே கொஞ்சம் துணியை மடித்துவிட்டுத் தைப்பார் அல்லவா? தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையிலும் அப்படி ஒரு மடிப்பு உண்டு. கையை உயர்த்தும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். இந்த நோயில் உறை முதலில் அழன்று வீங்குகிறது. பிறகு தடித்து, சுருங்கி, மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்கிறது. முதல் கட்டம் முழுக்க வலி, 2 முதல் 9 மாதம் வரை. அடுத்து வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும், அது 4 முதல் 12 மாதம். அப்புறம் மெதுவாக இளகத் தொடங்கும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம் பிடிக்கும், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் கடைசிவரை தங்கிவிடும்.

“ஊசி போட்டால் சரியாகிவிடுமா டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். “வலி தொடங்கி எத்தனை மாதம் ஆச்சு?” என்று நான் திருப்பிக் கேட்பேன். எந்த ஊசி என்பதைவிட எந்த மாதத்தில் என்பதுதான் முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியை எடுத்துக்கொள்வோம். அழற்சியை அடக்குவதுதான் அதன் வேலை. ஆகவே உறை அழன்றுகொண்டிருக்கும் முதல் சில மாதங்களில் அது நன்றாகக் கேட்கும். தூக்கமே இல்லாமல் வந்தவர் அந்த வாரமே நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்வது அப்போதுதான். பலன் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் மூன்று நான்கு மாதம் வரை. உறை தடித்து ஒட்டிய பிறகு, அடக்குவதற்கு அழற்சி அதிகம் மிச்சமிருக்காது.

பூக்கட்டி விற்கும் ஒரு அம்மா பதினோராவது மாதத்தில் வந்தார். வேறொரு இடத்தில் ஏற்கெனவே மூன்று ஊசி. நான்காவது போடுங்கள் என்று கேட்டார். வலி எப்படி என்றேன். “வலி இல்லீங்க, கைதான் எழும்பல.” வலி இருந்த மாதங்களை வேப்பெண்ணெய் தடவிச் சமாளித்துவிட்டு, பிறகுதான் ஊசிக்குப் போயிருக்கிறார். ஊசி அவருக்கு உதவியிருக்கக்கூடிய காலம் அப்படியே போய்விட்டது. நான் ஊசி போடவில்லை. அவருக்கு ஏமாற்றம்தான், எனக்கும் மனசு கேட்கவில்லை. தினமும் பயிற்சி செய்து ஒன்றரை வருடத்தில் கை தலைக்கு மேல் போனது. இரண்டாவது மாதத்தில் வந்திருந்தால் எத்தனை இரவுகள் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதைச் சொல்லாமல் ஊசி போட்டு அனுப்புவது தவறு. 20 மில்லிகிராமும் 40 மில்லிகிராமும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாக ஆய்வு இருப்பதால், சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் குறைந்த அளவில்தான் தொடங்குகிறேன். ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் வலி கூடுவது உண்டு. ஆனால் காய்ச்சல் வந்தாலோ தோள் வீங்கிச் சிவந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊசியால் உறையை உப்ப வைக்கும் முறையும் உண்டு. 1965இல் ஸ்வீடன் மருத்துவர்கள் எழுதி வைத்தது. இறுகிய உறை பத்து மில்லிக்குமேல் திரவம் கொள்ளவே திணறும். ஸ்கேன் பார்த்தபடி, மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து 20 முதல் 40 மில்லி உப்புநீரை மெல்லச் செலுத்தி உறையை விரிப்பார்கள். சிலருக்கு அன்றே கை கொஞ்சம் கூடுதலாகப் போகும். வலியால் பயிற்சியே செய்ய முடியாதவர்களுக்குத் தோள்பட்டை எலும்பின் மேலே ஓடும் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியும் கைகொடுக்கும்.

அக்குபங்சர் பற்றிக் கேட்காத நோயாளியே இல்லை. சீன மரபில் தோள் இறுக்கத்துக்கு முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கம் ஒரு புள்ளியில் குத்தி, ஊசி இருக்கும்போதே கையைத் தூக்கச் சொல்வார்கள். ஜெர்மனியில் நாள்பட்ட தோள்வலி உள்ள 424 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. முறையாகக் குத்திக்கொண்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. போலியாகக் குத்தப்பட்டவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது. அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது வலியை. ஒட்டிய உறையை மெல்லிய ஊசி பிரித்துவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வலிக்குத் துணையாக வேண்டுமானால் தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றுதான் சொல்வேன்.

பிசியோதெரபிஸ்டுகள் செய்யும் டிரை நீடிலிங்கும் அப்படித்தான். மருந்தில்லாத ஊசியால் இறுகிய தசை முடிச்சில் குத்துவார்கள். தோள் நோவதால் கழுத்தும் பிடித்துக்கொண்டவர்களுக்கு அது இதமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை: கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இருக்கும் சதைக்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது. ஆழம் தெரியாமல் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். குத்திய பிறகு மூச்சு வாங்கினால் தாமதிக்காதீர்கள். ஊசி உங்கள் கண் முன்னால் பாக்கெட்டிலிருந்து பிரித்து எடுத்ததாக இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

இழுத்துவிட்டால் சரியாகும் என்று போகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். வலி தாங்கும் அளவுக்குள் கையை அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வலியையும் மீறிக் கடுமையாக இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம்தான்.

எனவே ஊசி போட்ட பிறகு கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிடாதீர்கள். அன்று ஒரு நாள் மட்டும் ஓய்வு கொடுங்கள். மறுநாளிலிருந்து மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். சுவரில் விரல்களால் ஏறுங்கள், நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். குளித்த பிறகு, துண்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து நல்ல கையால் மெல்ல மேலே இழுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். ஊசி வலியைக் குறைத்து வைத்திருக்கும் அந்தச் சில வாரங்களில் இதைச் செய்ய வேண்டும்.

நன்றி, வணக்கம்.