வண்டலூரும் நம்ம பங்குனி ஆமையும்

(திருப்பாதிரிப்புலியூர் பள்ளி ஒன்றில் சுற்றுச்சூழல் மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேறொரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியவர்களே, காசு வாங்காமல் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் அண்ணன் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். சரி, மகிழ்ச்சி.

அடுத்த மாதம் நீங்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகிறீர்களாம். செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: அந்தப் பூங்காவின் கதை, அங்கே விலங்கை எப்படிப் பார்ப்பது, உயிரியல் பூங்காவே தேவையா என்கிற சண்டை.

1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் அது பிறந்தது. அங்கே பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், ஆற்காட்டு நவாப்பிடம் பேசி அவருடைய விலங்குகளை வாங்கிச் சேர்த்தார். கூட்டம் அம்மியது. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. இங்கிருக்கும் தாத்தாக்கள் சின்ன வயதில் பார்த்தது அதைத்தான். 1985-இல் வண்டலூரில், சுமார் 600 ஹெக்டேரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் இல்லாத சிங்கவால் குரங்கை அங்கே இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காடு சட்டி, பூங்கா அகப்பை.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு சம்பவம். அங்கே முதலைத் தொட்டிக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம். முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கிறது. உடம்புச் சூட்டைத் தணிக்க அது அப்படித்தான் கிடக்கும். குடும்பத்து மாமா ஒருவர், "இது பொம்மை, சிமெண்டுல செஞ்சு வெச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ரெண்டு பரோட்டா பந்தயம். பக்கத்தில் நின்றவர்களும் கட்சி கட்டிக்கொண்டார்கள். பல் வெள்ளையாக இருக்கிறது, அதனால் பொம்மை என்றார் ஒருவர். கூட வந்த பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பொம்மைக்கு எதுக்குடா கம்பி வேலி?" என்றார். பதிலே இல்லை. ஒரு பையன் கல்லை எடுத்தான். பாட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே, பூங்கா ஊழியர்கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டார். அந்த நேரம் பார்த்து முதலை சலக்கென்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மச்சான் குதிக்கிறார். மாமா நிதானமாகச் சொன்னார்: "பேட்டரி போட்டிருக்கான்யா."

சிரிக்கிறீர்கள். நம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராத்திரி வேலி இல்லை, டிக்கெட் இல்லை, பேட்டரியும் இல்லை. தை மாதம் தொடங்கிப் பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி, பின்துடுப்பால் குழி பறித்து, சுமார் நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் குஞ்சு வெளிவர. குழியின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளியே வந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். முன்பெல்லாம் அந்த வெளிச்சம் கடல்தான். இப்போது நாம் நட்டுவைத்திருக்கும் விளக்குக் கம்பம். குஞ்சு ரோட்டுப் பக்கம் ஊர்ந்து வருகிறது, நாய் காத்திருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. அந்தச் சட்டம் விளக்கை அணைக்க வராது, ஊர்தான் அணைக்கவேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

உயிரியல் பூங்கா தேவையா என்று பேச வந்தேன். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். தை முதல் சித்திரை வரை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கவேண்டும், அணைக்க முடியாதவற்றுக்கு மறைப்புப் போடவேண்டும் என்று ஒரு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். வார்டு உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாக இப்போதுதான் தலையாட்டினார், எல்லோரும் பார்த்தீர்கள். மேசைப் பேனாவை மட்டும் யாரும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.